ஊறலு என்று நான் வைத்த பேர்

எங்கள் பிரியாணி செட்டில் புதிதாகச் சேர்கிற ஆளுக்கு ‘ஊறலு’ என்று பேர். அந்தப் பேரை வைத்தது நான். திண்டுக்கல்லில் வேறு எந்தப் பண்டாரியாவது தான் வைத்ததாகச் சொன்னால், அவன் யாரிடம் வேலை பழகினான் என்று கேளுங்கள். சுற்றிச் சுற்றி என் அடுப்படிக்குத்தான் வந்து நிற்பான்.

பண்டாரி என்றால் எங்கள் ஜனத்தில் கல்யாண விருந்துக்கு ஆக்கிப் போடுகிறவன். ஹோட்டல் மாஸ்டர் வேறு, பண்டாரி வேறு. ஹோட்டலில் இன்றைக்குக் கெட்டால் நாளைக்குச் சரி பண்ணிக்கொள்ளலாம். கல்யாணச் சோறு கெட்டால் பேரன் எடுத்த பிறகும் சொல்லிக்காட்டுவார்கள். என்னை ஒருத்தனும் சொல்லிக்காட்டியது கிடையாது. ரெண்டாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டவன் நான். பேகம்பூர்ப் பக்கம் என் தேக்சா, அதாவது பிரியாணி அண்டா, இறங்காத மண்டபம் இல்லை. நிக்காஹ் பேசினால் “பாய் அன்னிக்குச் சும்மா இருக்காரா?” என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கே தேதி சொல்லுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஊறலுக்கு வருகிறேன். சீரகச் சம்பா அரிசியைக் கழுவித் தண்ணீரில் போட்டு வைப்போம். அந்த அரை மணி நேரம் அது அரிசியும் இல்லை, சோறும் இல்லை. வாயில் போட்டால் மெல்லவும் தோது இல்லை, விழுங்கவும் தோது இல்லை. புது ஆளும் அப்படித்தான். வெளியாளும் இல்லை, நம்மாளும் இல்லை. ஒரு நாள் ஒரு புது ஆளைக் காட்டி, “இவன் யாரு பாய்?” என்று வீட்டுக்காரர் கேட்டபோது, என் வாயில் தன்னால் வந்தது: “அது ஊறலுங்க.” நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருத்தர் பக்கத்தில் நின்றார். “ஏனுங்க பாய், எங்கூர்ல ஊறலுன்னா பானையில போட்டு மண்ணுக்குள்ள பொதைச்சு வைக்கிறதுங்க. போலீஸு வந்து ஒடைக்கும்” என்றார். மண்டபமே சிரித்தது. அன்றைக்கே பேர் நிலைத்துவிட்டது.

பேர் வைத்தால் போதுமா? அதற்கு நடைமுறை வேண்டும் இல்லையா. அதையும் நான்தான் வைத்தேன். ஊறலு அரிசி கழுவலாம், விறகு தள்ளலாம், தண்ணீர் சுமக்கலாம். உப்பைத் தொடக்கூடாது. உப்பு பண்டாரி கை. ஊறலை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. நீ யார் என்று வெளியாள் கேட்டால் அவனே வாய் திறந்து “ஊறலு” என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியில் பிடித்ததைச் சுரண்டிச் சாப்பிட வேண்டும். விருந்து முடிந்து வீட்டுக்காரர் எங்களுக்குப் போர்த்துகிற துண்டு அவனுக்குக் கிடையாது. ஒரு வருஷம் இப்படி. அப்புறம் ஒரு விருந்தில், கறி கொதிக்கிற நேரத்தில், எல்லோரும் பார்க்க ஒரு பிடி உப்பை எடுத்து அவன் கையில் வைப்பேன். அவன் பிஸ்மி சொல்லித் தேக்சாவில் போடுவான். அதோடு அவன் எங்கள் ஆள். தனியாக ஆர்டர் பிடிக்கலாம், இன்னார் செட்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

படித்தவன் எழுதிய புத்தகம் அலமாரியில் கிடக்கும். நான் சொன்ன சொல் ஊர் வாயில் கிடக்கிறது. மற்ற செட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் புது வண்டிக்காரன் வந்தால் ஊறலு. பூட்டுக் கடையில் புதுசாக வந்த கணக்குப்பிள்ளை ஊறலு. ஜமாத் கமிட்டியில் புதுசாகச் சேர்ந்த ஒரு பெரிய மனுஷனையே முதுகுக்குப் பின்னால் ஊறலு என்றார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

எத்தனையோ பேரை ஊறப்போட்டிருக்கிறேன். அழுதவன் உண்டு, ஓடினவன் உண்டு. ஓடினவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒருத்தனைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

அவன் வரும்போது நாற்பது தாண்டியிருந்தான். தோல் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். பச்சைத் தோல் வந்து இறங்கினதும் அழுகாமல் இருக்க உப்புப் போடுவார்களே, அந்த வேலை. கம்பெனி மூடிவிட்டார்கள். பெண்டாட்டி, ஒரே மகள். “மாமு, எந்த வேலையின்னாலும் செய்றேன்” என்று வந்து நின்றான். விரல் எல்லாம் வெடித்துக் கிடந்தது. சேர்த்துக்கொண்டேன்.

வேலைக்காரன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வந்த ரெண்டாவது மாசம் ஒரு காரியம் பண்ணினான். பெரிய வீட்டு விருந்து. கறி கொதிக்கிறது. நான் உப்பு அள்ளுகிறேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவன், ஒரு கல்லை ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“மாமு, இந்த உப்பு கூர்ப்பு ஜாஸ்தி. ஒரு பிடி கம்மியாப் போடுங்க.”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“ஏலே, தோலுக்குப் போட்ட கையி சோத்துக்குப் பாடம் சொல்லுதாக்கும்? செத்த ஆட்டுக்கும் கல்யாணத்துக்கும் வித்தியாசம் தெரியாத நாயி. போயி வெறகத் தள்ளு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். நான் எப்போதும் போடுகிற அளவைப் போட்டேன். அன்றைக்குக் கறி கொஞ்சம் கரித்தது. உருளைக்கிழங்கைப் போட்டு இழுத்துச் சமாளித்தேன், ஒருத்தருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் அவன் செய்த தப்பு.

ஒரு வருஷம் முடிந்தது. உப்புக் கொடுக்கவில்லை. அவனுக்குப் பிறகு வந்த ரெண்டு பேருக்குக் கொடுத்தேன், அவன் கண் முன்னாலேயே. அதில் ஒருத்தன் அவனை விடப் பத்து வயசு சின்னவன். மறுநாளில் இருந்து அவனும் இவனை, “ஏ ஊறலு, தண்ணி கொண்டா” என்றான். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ரெண்டு வருஷம், மூணு வருஷம், நாலு. என் செட்டில் ரெண்டாம் கையாக இருக்கிறவர் எனக்கு மச்சான் முறை. அவர் ஒரு நாள் சொன்னார்: “போதும் மச்சான். கூட ஊறுனா அரிசி நொறுங்கிப்போகும்.”

“நொறுங்குனா கஞ்சி வச்சுக்கலாம்” என்றேன். நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது. நாலு பேரிடம் சொல்லிக்காட்டினேன்.

நாலாம் வருஷம் அவன் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. சின்னாளப்பட்டிப் பக்கம், சேலை வியாபாரம் பண்ணுகிற குடும்பம். இவனுக்கு மேல்தட்டுதான். பிள்ளை அழகு, பன்னிரண்டாவது வரைக்கும் படித்தது, அதனால் வந்து கேட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, அத்தா என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். இவன் பண்டாரி என்று சொல்லிவிட்டான். என் பேரையும் சொல்லியிருக்கிறான். என் பேரைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்ததாம். மலராமல் என்ன செய்யும்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“மாமு, ஒண்ணு கேப்பேன். தப்பா எடுத்துக்கக்கூடாது.”

“கேளு.”

“நிக்காஹுக்கு முன்னாடி எனக்கு உப்பக் குடுத்துருங்க. சம்பந்தி வீட்டாளுக வருவாக. அவுக முன்னாடி யாராச்சும் என்னைய அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, எம்புள்ளைக்கு அங்க மருவாதி இருக்காது மாமு. எனக்கில்ல. அதுக்கு.”

“ஓம் புள்ள கல்யாணத்துக்கு நம்ம செட்டுதான் ஆக்கப்போகுது. அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் ஓங்கையிலயே குடுக்கறேன். போதுமா?”

அவன் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவே இல்லை. அப்போது நான் நிசமாகவே கொடுப்பதாகத்தான் இருந்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. நான் பொய் சொல்லி ஒருத்தனை ஏமாற்ற வேண்டிய நிலைமையில் எப்போதும் இருந்ததில்லை.

நிக்காஹ் அன்றைக்கு விடியக்காலை சுபுஹு தொழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தோம். மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. பெண்ணைப் பெற்றவன், மேடைப் பக்கம் நிற்காமல், புது வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு எங்களோடு நின்றான். அரிசி கழுவினது வேறு ஒருத்தன். பெண்ணைப் பெற்றவன் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தான். நான் எப்போது கூப்பிடுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கறி கொதி வந்தது. மணம் எழும்பி மண்டபத்துக்குள் போனது. என் மசாலா மணம், கேட்கவா வேண்டும். உப்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தேன். சரியாக அந்த நேரம் மாப்பிள்ளையின் அத்தா ஏழெட்டுப் பேரோடு கொட்டகைக்கு வந்தார். அத்தர் வாசம், பட்டுச் சட்டை. நேராக அவனிடம் போய்த் தோளில் கையைப் போட்டார்.

“பாத்தீங்களா, எங்க சம்பந்தி கைமணத்த! வாசல்லயே ஆள இழுக்குது. மக நிக்காஹுக்கு அத்தாவே ஆக்குற பிரியாணின்னா சும்மாவா?”

“இல்லை, மாமு ஆக்கினது” என்று அவன் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கூட வந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்து “மாஷா அல்லா” என்றார்கள். ஒருத்தராவது என் பக்கம் திரும்பவில்லை. அம்பது வருஷம் நெருப்பில் வெந்தவன் நான். என் தேக்சா. என் மணம். நான் அங்கே விறகு மாதிரி நிற்கிறேன்.

“யாரு, இவரா?” என்றேன். “இவரு ஊறலுங்க.”

அவர் திரும்பினார். “என்ன பாய்?”

“ஊறலு. எங்க செட்டுல அப்பிடித்தான் சொல்லுவோம். நேத்து வந்தவன். நேத்துன்னா நாலு வருசமா நேத்து.” அதற்கே சிரிப்பு கிளம்பிவிட்டது. எனக்கு ஆள் சிரித்தால் நிறுத்த வராது. எல்லாம் சொன்னேன். உப்பைத் தொடக்கூடாது, அடிச்சட்டி சுரண்டித்தான் திங்க வேண்டும், பேர் கிடையாது, துண்டு கிடையாது. அரிசியும் இல்லை சோறும் இல்லை என்று சொல்லி அந்த முழிப்பையும் நடித்துக்காட்டினேன். வந்திருந்த பையன்களில் ஒருத்தன் செல்போனைத் தூக்கி வீடியோ படம் எடுத்தான். அதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கடைசியில் அவன் பக்கம் திரும்பி, “சொல்லுலே, நீ யாரு?” என்றேன்.



“ஊறலு” என்றான்.

சம்பந்தி தோளில் இருந்து கையை எடுத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். நான் உப்பை அள்ளி நானே போட்டேன். அவன் மடித்துவிட்ட கையைக் கீழே இறக்கிப் பட்டனைப் போட்டான். பட்டன் சீக்கிரம் மாட்டவில்லை. என் மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயப் பச்சடிப் பக்கம் போய்விட்டார். அன்றைக்குப் பிரியாணி என் ஆயுசிலேயே நல்ல பிரியாணி. வந்தவர்கள் மறு சோறு, மூணாம் சோறு கேட்டு வாங்கித் தின்றார்கள்.

ஒரு மாசம் போயிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருகிறேன், பள்ளிவாசல் கேட்டில் நின்றான். தாடி மழிக்காமல் வளர்ந்து கிடந்தது.

“மாமு, எனக்கு உப்பு வேண்டாம். இனிமே கேக்கவே மாட்டேன். அந்தப் பேர மட்டும் திருப்பி எடுத்துக்குங்க.”

“எந்தப் பேர?”

“எம்புள்ளைய அங்க ஊறலுன்னு கூப்பிடுறாக.”

அந்தப் படம் செல்போனில் குடும்பத்துக்குள் போயிருக்கிறது. பெண்கள் பக்கம் பார்த்திருக்கிறார்கள். மாமியார்க்காரி முதலில் விளையாட்டாக ஆரம்பித்திருக்கிறாள். அப்புறம் நாத்தனார்கள், அப்புறம் பக்கத்து வீடு. இப்போது அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டில் பேர் கிடையாது. குழம்புக்கு உப்புப் போட விடுவதில்லையாம். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் இருப்பதைத்தான் வைக்கிறார்களாம்.

“சின்னப் புள்ளைக வெளையாட்டுலே. தானா அடங்கும்” என்றேன்.

“எனக்கு அடங்குச்சா மாமு?”

“சரி, ஞாயித்துக்கெழம போறேன். நாஞ்சொன்னா கேப்பாக” என்றேன். கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

என் மகன் கார் வாசலில்தான் நிற்கும். ஆனாலும் டவுன் பஸ்ஸில் போனேன், வீட்டில் காரணம் சொல்ல வேண்டாம் என்று. பிள்ளையின் அத்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான். தான் வந்தால் சரியாக இருக்காது, இங்கேயே இருக்கிறேன் என்றான்.

சம்பந்தி வீட்டில் எனக்கு நடந்த மரியாதை ராசா மரியாதை. கூடத்தில் நாற்காலி போட்டு ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள். அக்கம்பக்கத்தில் இருந்து ஆள் வந்து, “இவருதானா அவரு?” என்று பார்த்தார்கள். மாமியார்க்காரி வாசல்படியில் நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்:

“ஏ ஊறலு, பண்டாரி பாய் வந்துருக்காக. சர்பத்து கொண்டா.”

பிள்ளை வந்தது. கல்யாணத்தில் பார்த்ததை விட மெலிந்திருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றது.

நான் தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டு சொன்னேன். “அது எங்க வேலைக்குள்ள பேசிக்கிறது. வீட்டுப் பொம்பளப் புள்ளைக்கு ஆகாது. இவுக அத்தா நல்ல வேலைக்காரரு. அவரு கைக்கு உப்போட தரம் தெரியும். என்னை விட நல்லாத் தெரியும்.”

கடைசி வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும். அவர்களுக்கு அது காதிலேயே விழவில்லை.

“நாங்க என்ன கெட்ட வார்த்தையா சொல்லுறோம் பாய்? நீங்க வச்ச பேருதான. எம்புட்டுப் பொருத்தமா வச்சிருக்கீக!” என்றாள் மாமியார். “எம் மூத்த மருமக வந்தப்ப இப்பிடி ஒரு பேரு இல்லாமப் போச்சேன்னு இருக்கு. புதுசா வந்தவள எங்க வைக்கிறது, எப்ப ஏத்துறதுன்னு ஒரு ஒழுங்கு வேணும்ல.”

“அந்த அரிசியும் இல்ல, சோறும் இல்லன்னு சொல்லி ஒரு முழி முழிப்பீகளே, அதச் செத்த செஞ்சு காட்டுங்க பாய்” என்றார் அவள் புருஷன். “எந்தம்பி பாக்கலையாம்.”

ஐந்தாறு முகம் என்னையே பார்க்கிறது. சிரிக்கத் தயாராக இருக்கிற முகம். நான் செய்யவில்லை. ஆனால் சிரித்துவிட்டேன். அவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததோடு நான் வந்த காரியம் முடிந்துபோனது. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

கிளம்பும்போது செருப்பு மாட்ட வாசலுக்கு வந்தேன். காலி டம்ளரை வாங்க வந்த பிள்ளை மெதுவாகக் கேட்டது.

“பெரியத்தா, எங்கத்தாவ எத்தனை வருசம் வச்சிருந்தீக?”

“நாலும்மா.”

“முடிஞ்சிருச்சா?”

நான் குனிந்து செருப்பை மாட்டினேன். உள்ளே இருந்து கூப்பிட்டார்கள், அந்தப் பேரைச் சொல்லித்தான். “வாரேன் மாமி” என்று போய்விட்டது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட்ட அதே இடத்தில் அவன் நின்றான். சாப்பிடக்கூடப் போகவில்லை போல. ஓடி வந்து என் கைப்பையை வாங்கிக்கொண்டான்.

“சொன்னீங்களா மாமு?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“இனிமே கூப்பிட மாட்டாக” என்றேன்.

“அல்லா உங்களுக்கு நெறைஞ்ச ஆயுசக் குடுக்கட்டும்” என்றான். எனக்காக ஆட்டோ பேசி, என்னை உட்காரவைத்து, என் கால்மாட்டில் பையை வைத்தான்.

அடுத்த வாரம் பழம் வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்கப் போயிருக்கிறான். அங்கே என்ன கேட்டான், என்ன பார்த்தான் என்று என்னிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த விருந்துக்கு எப்போதும்போல எல்லோருக்கும் முன்னால் வந்தான். சலாம் சொன்னான். அரிசியைக் கழுவிப் போட்டான். கறி கொதித்ததும் நான் ஒரு பிடி உப்பை அள்ளி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நாலு வருஷத்தில் முதல் தடவை. அவன் பேர் என் வாயில் பழகாத சொல் மாதிரி வந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து வந்தான். என் கையில் இருந்ததைப் பார்த்தான். ரெண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினான்.

“கையி ஈரமா இருக்கு மாமு” என்றான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

கறி கொதித்துக்கொண்டிருந்தது. நானே போட்டேன்.